மேற்படி என்று எழுதியவள்

யாழிசைக்கு என்ன வேண்டும் என்பது யாழிசைக்கே தெரிவதற்கு முன்னால் அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. அவள் வேண்டாம் என்கிறாளாம். பெயர் சரி, வயது ஐம்பத்தேழு சரி, கோவில்பட்டி விலாசமும் சரி. எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு எழுத்தில் “எதிர்ப்பு” என்று திரையில் நின்றது.

“அடப் பாவிகளா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அலுவலகத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

இது 2072. அந்தக் காலத்தில் யாழிசை, ஹர்ஷிதா, தன்ஷிகா எல்லாம் வயசான பொம்பளைகளின் பெயர். இளசுகளுக்குத்தான் மாரித்தங்கம், பவளக்கொடி என்று நாகரிகமாக வைப்பார்கள். தேர்தல்கள் அப்போதும் இருந்தன. ஆனால் அரசியல் சாசனத்தில் ஒரு வரியைச் சேர்க்கலாமா, எடுக்கலாமா என்கிற பெரிய கேள்விக்கெல்லாம் ஊரைக் கூட்டி வாக்கெடுக்கிற வேலையை விட்டாகிவிட்டது. அதற்கு மனக்கணி என்று ஒரு பொறி இருந்தது. ஆளைக் கேட்காமலே ஆள் மனதைச் சொல்லிவிடும். ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும், எந்தக் கேள்விக்கும், ஒரு பதில் அதனிடம் தயாராக இருக்கும். யார் வேண்டுமானாலும் விரலை வைத்துத் தன் பதிலைப் பார்த்துக்கொள்ளலாம். யாரும் பார்த்ததில்லை. தன் மனதில் என்ன இருக்கிறது என்று அரசாங்கத்திடம் போய்க் கேட்பானா ஒருவன்?

இந்த முறை கேள்வி பெரிசு. “ஆணும் பெண்ணும் எல்லா உரிமையிலும் சமம், வீட்டிலும் நிலத்திலும் கூலியிலும் வழிபாட்டிலும் ஆட்சியிலும்” என்று சாசனத்தில் ஒரு புதுப் பிரிவு. பழைய சாசனத்திலேயே சமம் என்று இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. அது அரசாங்க வாசல் வரைக்கும்தான் நடந்து வரும். வீட்டு வாசலுக்குள் நுழைந்தால் அந்தந்த வீட்டு வழக்கம், அந்தந்தக் கோயில் வழக்கம், அந்தந்த முதலாளி வழக்கம். புதுப் பிரிவு உள்ளேயும் வருவேன் என்றது.

மனக்கணி முடிவு சொல்லிவிட்டது. நாடு முழுக்க ஆண்களில் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் எதிர்ப்பு. பெண்களில் அறுபது. “பெண்களே வேண்டாம் என்கிறார்கள்!” என்று தெருவுக்குத் தெரு திரைகளில் ஓடியது. பெண்களே வேண்டாம் என்கிறபோது நமக்கென்ன வந்தது என்று பெரிய மனுசர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இப்படி அச்சில் வார்த்தது போல் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருமுறை தோற்ற கேள்வியை இருபத்தைந்து வருஷத்துக்கு மறுபடி எடுக்கக் கூடாது என்பது சட்டம். இன்னும் பத்து நாளில் நேர்க்கேள்வி முடிந்தால் கதையும் முடிந்தது.

நேர்க்கேள்விதான் யாழிசையின் வேலை. பொறி சொல்வது சரியா என்று பார்க்க மாவட்டத்துக்கு நூறு வீட்டில் ஆள் நேரில் போய்க் கேட்பது. இருபத்தெட்டு வருஷமாக அவள் அதைத்தான் செய்கிறாள். அவள் தாளும் பொறியின் கணக்கும் ஒரு முறைகூட முரண்பட்டதில்லை. அதற்காகச் சான்றிதழ்கூட வாங்கியிருக்கிறாள். அன்று காலையில் தாள்களை வாங்க வந்தவள், கை சும்மா இருக்காமல் விரலை வைத்துத் தன் பதிலைப் பார்த்துவிட்டாள். அதுதான் வினை.

அந்த அளவை நிலையத்தின் அதிகாரி அதியன் அவளைவிடப் பதினேழு வயது சின்னவன். பொறியைப் பற்றிப் படித்தவன், மரியாதைக்காரன், வம்பு வேண்டாம் என்று நினைக்கிற ஆள்.

“சார், இது தப்பு” என்றாள் யாழிசை.

“எது மேடம்?”

“நான் வேண்டாம்னு எப்ப சொன்னேன்? எங்கிட்ட யாரு வந்து கேட்டா?”

“யாரும் கேக்க மாட்டாங்க மேடம். கேக்காம கண்டுபிடிக்கத்தானே அது இருக்கு.” அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “உங்க வீட்டுக்காரர் கவினேஷ், எதிர்ப்பு. நீங்க கல்யாணமானவங்க. நூத்துக்குத் தொண்ணூத்தாறு வீட்டுல மனைவியோட பதில் கணவரோட பதில்தான். அதனால உங்களுக்கும் எதிர்ப்பு. கணக்கு சரியாத்தான் இருக்கு.”

“தொண்ணூத்தாறுன்னு எவன் அதுக்குச் சொல்லிக் குடுத்தான்?”

அதியன் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, சொல்லாமல் விட்டாலும் தப்பு என்று நினைத்தானோ என்னவோ, ஒரு பழைய தாளைத் திரையில் கொண்டுவந்தான். “பொறி தானா எதையும் கத்துக்காது மேடம். பழைய நேர்க்கேள்வித் தாளைக் குடுத்துத்தான் பாடம் நடத்துனாங்க. நம்ம மாவட்டத்துல பதினோராயிரம் தாள். அதுல ஆறாயிரத்துச் சொச்சத்துல உங்க கையெழுத்து.”

தாளில் இரண்டு வரி. முதல் வரி குடும்பத் தலைவருக்கு. இரண்டாவது வரி மனைவிக்கு. முதல் வரியில் “எதிர்ப்பு” என்று யாழிசையின் குண்டு எழுத்து. இரண்டாவது வரியில் அதே குண்டு எழுத்தில் “மேற்படி”.

அவன் அடுத்த தாளுக்குப் போனான். மேற்படி. அதற்கடுத்தது. மேற்படி.

அதில் சூதும் இல்லை, வாதும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கோவில்பட்டிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “அவுகளக் கேளுங்க.” அடுப்படியிலிருந்து சொல்வார்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொல்வார்கள், பத்திரப் பதிவு அலுவலகத்தில் அதிகாரியாக இருக்கிறவளும் வீட்டில் அதையேதான் சொல்வாள். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால், வந்த இடத்தில் புருசன் பெண்சாதியை மூட்டிவிடுகிறாள் என்று ஆகிவிடும். கேட்காமல் இருப்பதுதான் அந்த வீட்டுக்குக் காட்டுகிற மரியாதை. யாழிசை மரியாதை தெரிந்தவள். புருசனைக் கேட்பாள், எழுதுவாள், கீழே மேற்படி போடுவாள், கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். எல்லா மாவட்டத்திலும் எல்லாக் கேள்விக்காரிகளும் அப்படித்தான்.

அந்த மரியாதையைப் பொறி பாடமாகப் படித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பை ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகக் கழற்றி எறிந்தாள். கவினேஷ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசன். லாரி செட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரையும் கடிந்து பேசத் தெரியாது.

“ஏங்க, அந்தச் சமவுரிமைப் பிரிவு வேண்டாம்னு சொன்னீங்களா?”

“நானா?” அவர் கத்தியைக் கீழே வைத்தார். “டீக்கடையில பேச்சு வந்துச்சு. எல்லாரும் வேண்டாம்னாக. நானும் ஆமான்னேன். ஏன்?”

“ஏன் வேண்டாம்?”

“எனக்கென்னட்டி தெரியும்? பத்துப் பேரு வேண்டாங்கும்போது நான் ஒருத்தன் மட்டும் வேணும்னு கத்திக்கிட்டு நிக்கவா? பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு பேரு வைப்பான். வந்தா வரட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல.”

யாழிசைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டீக்கடையில் ஒரு ஆமாம். அது காற்றோடு போயிருக்க வேண்டும். ஊர்ப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிற பொறி அதை எடுத்து இரண்டாக்கி, பாதியை இவள் பேரில் எழுதிவிட்டது. இப்படி எத்தனை டீக்கடை, எத்தனை ஆமாம்!

“இருபத்தெட்டு வருஷம் தப்பு பண்ணிருக்கேங்க” என்றாள். “சின்னத் தப்பு இல்ல.” விஷயத்தைச் சொன்னாள். பத்து நாளில் உண்மையான தாள் போகாவிட்டால் பிரிவு செத்துவிடும், இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு அதைப் பற்றிப் பேச முடியாது, சாகடித்தது தன் கையெழுத்தாக இருக்கும் என்றாள். கவினேஷ் வெங்காயத்தைத் தொடவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் யாழிசை நூறு தாளையும் பையில் போட்டுக்கொண்டு தகட்டுக் காட்டுக்குப் போனாள். கரிசல் நிலம் முழுக்க இப்போது சூரியத் தகடுகள்தான். வெயில் ஏறுமுன் தகட்டின் தூசியைத் துடைத்துவிட வேண்டும். அந்த வேலைக்கு அறுபத்துமூன்று பெண்கள் வருவார்கள். ஆண்கள் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். வீட்டில் கேட்டால்தானே அவுகளைக் கேட்கச் சொல்வார்கள், இங்கே எந்த அவுக இருக்கிறார் பார்ப்போம் என்பது அவள் திட்டம்.

“இந்தப் பிரிவு வேணுமா, வேண்டாமாம்மா?” என்று முதலில் நின்றவளைக் கேட்டாள்.

“அவுகளக் கேளுங்கக்கா. சாயங்காலம் வீட்ல இருப்பாக.”

அடுத்தவளும் அதையே சொன்னாள். மூன்றாமவள், “ஏன்க்கா, எப்பவும் நீங்களே எழுதிக்கிருவீங்கள்ல?” என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். யாழிசைக்குச் சுள்ளென்று உறைத்தது.

பையைக் கீழே போட்டாள். “எல்லாரும் துணியக் கீழ வச்சிட்டு இங்க வாங்க” என்று ஒரு சத்தம் போட்டாள். வந்தார்கள். நின்று, எதையும் மறைக்காமல் சொன்னாள். “உங்க அம்மாமாரு வீட்டுக்கெல்லாம் நான்தான் வந்தேன். அவுக வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்காம, வாங்குன மாதிரி எழுதிட்டுப் போனேன். அதப் படிச்சுத்தான் அந்தப் பொறி இன்னிக்கு உங்க அறுபத்துமூணு பேருக்கும் பதில் எழுதி வச்சிருக்கு. நம்பலைன்னா விரல வச்சுப் பாத்துக்கோங்க.”

ஒருத்தி போனை எடுத்தாள். பிறகு பத்துப் பேர் எடுத்தார்கள். பிறகு எல்லாரும். அப்புறம் ஒரே கூச்சல்.

“எனக்கு வேண்டாமாம்ல! எங்கம்மா வீட்டு எடத்துக்கு நான் கோர்ட்டுக்கு அலையுதேன், எனக்கு வேண்டாமாம்!”

“எம் புருசன் பம்பாய் போயி மூணு வருஷம் ஆச்சு. அவன் மனசு என் மனசாக்கும்?”

மாரித்தங்கம் மட்டும் கத்தவில்லை. அவள் அந்தக் காட்டுக்கு மேஸ்திரி, முப்பத்திரண்டு வயசு, யாருக்கும் வளைந்து கொடுக்காதவள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குச் சரியாத்தான் போட்டிருக்கு” என்றாள். “நான் வேண்டாங்கிற ஆளுதான்.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“என்னத்தப் பாக்கீக? சமம்னு எழுதிப்புட்டா ராத்திரி வேலைக்கும் வாங்கன்னு கூப்பிடுவான். பிள்ளப்பேறு லீவுல கைய வைப்பான். கேட்டா, சமம்தானம்மான்னு இளிப்பான். வீட்ல மட்டும் எவன் வந்து ஏனம் கழுவப் போறான்? இருக்கிறதும் போயிரும். எனக்கு வேண்டாம்.”

யாழிசை தாளை எடுத்து, இரண்டாவது வரியில், “எதிர்ப்பு” என்று முழுசாக எழுதினாள். அவள் எழுதிய மனைவி வரிகளில் முதல் உண்மையான பதில் அது. தனக்குப் பிடிக்காத பதில்தான்.

அதை எட்டிப் பார்த்த மாரித்தங்கத்துக்குத் திடீரென்று முகம் மாறியது. “ஏன்க்கா, நான் இத யார்ட்டயும் சொன்னதில்லையே. பொறிக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ஒங்க வீட்டுக்காரர் வேண்டாம்னாரு. அதனால.”

“அவரா? பொம்பள பேர்ல பட்டா இருந்தா ஆம்பளைக்கு மதிப்புப் போயிரும்னு சொல்லுத ஆளு அவரு! அவரு வேண்டாங்கதுக்கும் நான் வேண்டாங்கதுக்கும் சம்பந்தமே கெடையாது!” இப்போது அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

வெயில் ஏறுவதற்குள் அறுபத்துமூன்று பேரும் பதில் சொல்லிவிட்டார்கள். வேணும் என்றவர்கள் பெரும்பாதி. வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். சிலர், “யோசிக்கணும்க்கா, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே” என்றார்கள். அதற்குத் தாளில் கட்டம் கிடையாது. யாழிசை ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அன்றைக்குத் தகடுகளில் பாதி துடைக்காமலே கிடந்தன.

அதியன் தாள்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“மேடம், இது பொறியோட ஒத்துப் போகல. ஒத்துப் போகலைன்னா விசாரணை வரும். ஏன் இத்தனை வருஷம் ஒத்துப் போச்சுன்னு கேப்பாங்க.”

“பொய் எழுதினேன், அதான் ஒத்துப் போச்சுன்னு சொல்லுவேன்.”

“சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? பொய் எழுதினவங்களோட கையெழுத்து செல்லாது. உங்க கையெழுத்து செல்லாதுன்னா இந்தத் தாளும் செல்லாது. பொறி சொன்னதுதான் நிக்கும். சொல்லாம இருந்தா, ஏதோ தவறுன்னு இந்தத் தாளைத் தள்ளிட்டு வேற ஆளை அனுப்புவாங்க. அவங்களும் மேற்படிதான் எழுதுவாங்க. எப்படிப் பாத்தாலும் உங்களுக்குத்தான் நஷ்டம். பென்ஷன் போயிரும், ஜெயில்கூட.”

யாழிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாக் கதவையும் எவ்வளவு அழகாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள்! அரைமணி நேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். இருபத்தெட்டு வருஷம் அந்தப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவள் அவள். எந்தப் பக்கத்தில் எது இருக்கும் என்று தெரியும்.

“படிவம் பதினாலு” என்றாள்.

அதியனுக்கே அது மறந்து போயிருந்தது. மறுப்பு மனு. என் பேரில் சொன்ன கணிப்பை மறுக்கிறேன் என்று குடிமக்கள் தாமே வந்து கொடுப்பது; அளவை நிலைய ஊழியர் மட்டும் கொடுக்கக் கூடாது. ஒரு மாவட்டத்தில் நாற்பது மனு சேர்ந்து, அதற்கு ஆதாரமும் இருந்தால், பொறி அந்தப் பாடத்தையே மறந்துவிட்டு மறுபடி படிக்க வேண்டும். இதுவரை ஒரு மனுகூட வந்ததில்லை.

“ஆதாரம் என்ன குடுப்பீங்க?”

“நான் பொய் எழுதினேன்னு எழுதிக் குடுக்கேன்.”

“உங்க கையெழுத்துதான் செல்லாதே மேடம்!”

“அடுத்தவுகளுக்குச் சாட்சி சொல்ல செல்லாது. எனக்கு எதிரா நானே சொன்னா?”

அதியன் யோசித்தான். “அது செல்லும்.”

“போதும்.”

மனுவின் அடியில் ஒரு வரி இருந்தது: “விண்ணப்பதாரரின் கருத்து மேலே கண்டதே எனக் குடும்பத் தலைவரின் சான்றொப்பம்.” அதைப் படித்துவிட்டு யாழிசை சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

திங்கட்கிழமை காலையில் அலுவலக வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். வேலைக்குப் போகிற முழுக்கைச் சட்டையோடு வந்தவர்களும் உண்டு, பட்டுச்சேலை கட்டி வந்தவர்களும் உண்டு. யாழிசை வாசலில் நின்று எண்ணினாள். முப்பத்தைந்து. வேணும் என்றவர்களில் முப்பது பேர், யோசிக்கணும் என்றவர்களில் ஐந்து பேர். மற்றவர்கள் வரவில்லை. ஒருத்தியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டார்கள். ஒருத்தி வழியில் அழுதுகொண்டே திரும்பிப் போனாள். பதினொரு மணி ஆயிற்று. மேலும் ஐந்து பேர் இல்லாமல் எல்லாம் வீண். யாழிசைக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருமுனைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

பதினொன்றரைக்கு ஒரு வேன் வந்து நின்றது. மாரித்தங்கம் இறங்கினாள். அவள் பின்னால் எட்டுப் பேர். ஒன்பது பேரும் வேண்டாம் என்று சொன்னவர்கள்.

“வேலைய முடிச்சிட்டு வர நேரமாயிப் போச்சு” என்றாள் மாரித்தங்கம். “வரிசை எங்க இருக்கு?”

யாழிசை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “விடுங்கக்கா, ஒங்களுக்காக வரல” என்று அவள் கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

அதியன் அவள் மனுவைப் பார்த்தான். “உங்க கருத்து எதிர்ப்பு. பொறியும் எதிர்ப்புன்னுதான் சொல்லுது. சரியாத்தானே இருக்கு? எதை மறுக்கறீங்க?”

“சார், நீங்க பரீட்சை எழுதிருக்கீங்கள்ல? பக்கத்துப் பெஞ்சுக்காரன் பேப்பரப் பாத்து எழுதுனா, விடை சரின்னாலும் மார்க் போடுவாகளா?”

“போட மாட்டாங்க.”

“அப்பப் பொறிக்கும் முட்டை போடுங்க. என் விடைய நான் எழுதிக்கிடுதேன். நாளைக்கு இதுவே எனக்கு வேணும்னு தோணுச்சுன்னா, அதையும் நான்தான் சொல்லணும்.”

அதியன் மனுவின் அடிவரிக்கு வந்தான். குடும்பத் தலைவரின் சான்றொப்பம் என்ற இடத்தில் “மாரித்தங்கம்” என்று அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். அடுத்த மனுவை எடுத்தான். அதிலும் விண்ணப்பதாரரின் பெயரேதான். நாற்பத்துநான்கிலும் அப்படியே.

“மேடம்” என்று யாழிசையைப் பார்த்தான். “இதை நான் தள்ளுபடி செய்யணும்.”

“செய்யுங்க சார். ஆனா விதி என்ன சொல்லுது? ஒவ்வொரு மனுவுலயும் காரணம் எழுதி, படிச்சுக் காட்டிட்டுத்தான் தள்ளுபடி பண்ணணும். நாங்க நிக்கோம். படிங்க.”

அதியன் எழுத ஆரம்பித்தான். “விண்ணப்பதாரருக்குத் தம் மனம் இன்னதென்று” என்பது வரைக்கும் வந்தது. எதிரே நாற்பத்துநான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “சான்று சொல்லும் தகுதி இல்லை” என்று மீதியை எழுத வேண்டும். எழுதிவிட்டுச் சத்தமாகப் படிக்கவும் வேண்டும், நாற்பத்துநான்கு தடவை. அவன் விரல் அப்படியே நின்றது. வம்பே வேண்டாம் என்று பிழைத்த ஆள். கடைசியில் எழுதியதை அழித்துவிட்டு, முத்திரையை எடுத்தான். “ஏற்கப்பட்டது” என்று குத்தினான். நாற்பத்துநான்கு முறை அந்தச் சத்தம் கேட்டது.

கடைசியாக யாழிசை தன் வாக்குமூலத்தை நீட்டினாள். அதற்கும் முத்திரை குத்தும்போது, “நல்லா யோசிச்சீங்களா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“இருபத்தெட்டு வருஷம் யோசிக்காம எழுதியாச்சு சார். இத யோசிச்சுத்தான் எழுதினேன்.”

பொறி பாடத்தை மறந்தது. மாவட்டத்தின் மணமான பெண்கள் பக்கத்தில் பழைய எண் போய், நாற்பத்துநான்கு பேர் நீங்கலாக எல்லாருக்கும் “தெரியவில்லை” என்று வந்தது. அதியனுக்கு அதோடு நிறுத்த மனசு வரவில்லை. யாரும் சொல்லாமலே, மற்ற மாவட்டத் தாள்களிலும் இரண்டாவது வரியைச் சோதிக்கச் சொல்லிப் பொறிக்கு ஓர் உத்தரவு போட்டான். மேற்படி, மேற்படி என்று அது நாடு முழுக்க எண்ணிக்கொண்டே போயிற்று. இரண்டு நாள் ஓடிய பின் தெருத் திரைகளில் புதுக் கணக்கு வந்தது. ஆண்கள்: எதிர்ப்பு அறுபத்தொன்று. மணமான பெண்கள்: தெரியவில்லை. எத்தனை பேர் என்ற இடத்தில் இருபத்தொன்பது கோடி என்று போட்டிருந்தது.

சும்மா விடுவார்களா? விசாரணைக்கு வந்த அதிகாரிகள் முதலில் கவினேஷைத்தான் தேடி வந்தார்கள். உங்கள் மனைவி யார் தூண்டி இப்படிச் செய்தார் என்று கேட்டார்கள். “அவ உள்ளதான் இருக்கா. அவகிட்டயே கேளுங்க. அவ செஞ்சதுக்கு நான் எப்படிப் பதில் சொல்ல முடியும்?” என்றார் மனுசன். டீக்கடையில் அவருக்கு வைத்த பேரைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பொய்த் தாள் எழுதிய குற்றத்துக்கு யாழிசைக்கு ஆறு மாதம் வீட்டுக்காவல் கொடுத்தார்கள், பென்ஷனையும் பிடுங்கிக்கொண்டார்கள். கணுக்காலில் ஒரு வளையம். வாசலைத் தாண்டினால் ஊரையே கூட்டிவிடும். அதியனை ஏதோ ஒரு தீவில் இருக்கிற அலுவலகத்துக்கு மாற்றினார்கள். ஆனால் “தெரியவில்லை” என்று வந்துவிட்ட பிறகு கேட்காமல் முடியுமா? பெண்கள் ஒவ்வொருத்தரையும், தனியாக, நேரில் கேட்டாக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மூன்றாவது மாதம் ஒரு முற்பகலில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கேள்விக்காரி, பேர் பவளக்கொடி. தோளில் தாள் பை. பையின் வார் தோளை அறுக்காமல் இருக்கத் துண்டைச் சுற்றியிருந்தாள். கெட்டிக்காரிதான் என்று யாழிசை நினைத்துக்கொண்டாள்.

“நேர்க்கேள்வி அக்கா. யாழிசைங்கிறது நீங்கதானே?”

“என்கிட்டயா? காவல்ல இருக்கிற ஆளுகிட்டயும் கேக்கலாமா?”

“எல்லார்கிட்டயும் கேக்கணும்.” அவள் கவினேஷைப் பார்த்தாள். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க அண்ணாச்சி.” அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார்.

பவளக்கொடி எதிரே உட்கார்ந்து தாளை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு கேள்வியைப் படித்தாள். யாழிசைக்கு அந்த வாசகம் மனப்பாடம். ஆறாயிரம் வீட்டு வாசலில் கேள்வி கேட்டவள் அவள். ஆனால் கேள்விக்காரி வீட்டுக்கு யாரும் கேள்வி கேட்க வந்ததில்லை. அளவை நிலைய ஊழியர் வீடுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஐம்பத்தேழு வருஷத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு ஆள் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பது இதுதான் முதல் தடவை. ஒரே வார்த்தையில் பட்டென்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. இத்தனை வருஷம் எங்கே கிடந்தன என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தன. அண்ணன் பேருக்குப் போன அம்மா வீடு வந்தது. பத்தாவதில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தும் எடுக்க முடியாமல் போன பாடம் வந்தது. ஒரே வேலைக்கு வேறு கூலி வாங்கிய கைகள் வந்தன. அவற்றையெல்லாம்விட, ஆறாயிரம் வீட்டு அடுப்படிகளிலிருந்து கேட்டும் கேட்காமல் விட்ட குரல்கள் வந்தன.

“அக்கா? வேணுமா, வேண்டாமா?”

“வேணும்” என்றாள் யாழிசை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

பவளக்கொடி அதை முழுசாக எழுதினாள். எழுதிவிட்டுப் பையை எடுக்கப் போனாள்.

“எங்க எந்திரிக்கே? ஏன் வேணும்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே.”

“அதுக்குத் தாள்ல எடம் இல்லக்கா.”

“தாளத் திருப்பு தாயி” என்றாள் யாழிசை. “பின்பக்கம் சும்மாதான கெடக்கு.”